கலைஞர் கைக்கு வந்த மின்பலகை

சுவரில் தொங்கும் ஓவியத்தை நாம் பார்க்கிறோம். அது நம்மைப் பார்ப்பதில்லை. ஆனால், அருகில் வருவோரை உணர்ந்து ஒளிரும், ஒலிக்கும், அசையும் கலைப்படைப்புகளும் உண்டு. இதனை ஊடாடும் கலை என்பர். இக்கலையில் தேர்ச்சி பெற விரும்புவோர் நிரலாக்கத்தையும் மின்னணுவியலையும் பயிலுதல் வேண்டும்.

முன்னாளில் இப்பயிற்சி கலைஞர்க்கு எளிதாக இருக்கவில்லை. இத்தாலி நாட்டின் வடபகுதியில் உள்ள இவ்ரேயா நகரில், ஊடாட்ட வடிவமைப்புக் கல்விநிலையம் ஒன்று 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்குப் பயின்றோருள் பலர் பொறியியல் கல்லாதவர். அவர்கள் பயன்படுத்திய மின்பலகையின் விலையும் மிகுதி. இக்குறையைப் போக்க, எர்னாண்டோ பர்ராகான் என்னும் கொலம்பிய மாணவர் 2003இல் 'வயரிங்' என்னும் எளிய பலகையையும் மென்பொருளையும் உருவாக்கத் தொடங்கினார். அப்பணியை அடிப்படையாகக் கொண்டு, மாசிமோ பான்சியும் அவர்தம் குழுவினரும் 2005இல் விலை குறைந்த 'அர்டுயினோ' பலகையைப் படைத்தனர்.

அப்பலகை செயற்படும் முறையைக் காண்போம். காகிதப் பறவை ஒன்றின் மார்பில் ஒளியுணரி பொருத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோம். கையின் நிழல் பட்டதும் உணரியின் மின்தடை கூடுகிறது, மின்னழுத்தம் மாறுகிறது. பலகை அம்மாற்றத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக அறிகிறது. "எண் 300க்குக் குறைந்தால் கண்விளக்கை ஏற்றுக" என்று நிரலில் எழுதிவைத்தால், நிழல் பட்டவுடன் பறவையின் கண் ஒளிரும். உணர்தல், முடிவெடுத்தல், செயற்படுதல் என்னும் இம்மூன்றே ஊடாடும் கலையின் அடிப்படை. எந்த எண்ணில் விளக்கு எரியவேண்டும் என்பதைப் பலமுறை சோதித்தே அறிய இயலும்.

அர்டுயினோ பிறந்த வேளையில், அக்கல்விநிலையம் மூடப்படும் நிலையில் இருந்தது. அதனோடு தம் உழைப்பும் மறைந்துவிடுமோ என்று குழுவினர் அஞ்சினர். ஆகவே, பலகையின் வடிவமைப்பையும் மென்பொருளையும் எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரியனவாகத் திறந்து வைத்தனர். கல்விநிலையம் மறைந்தது, பகிரப்பட்ட அறிவோ உலகெங்கும் உள்ள கலைஞரையும் மாணவரையும் சென்றடைந்தது. பூட்டிவைத்திருந்தால் அழிந்திருக்கக்கூடிய ஒன்று, பகிர்ந்தளித்தமையால் நிலைத்தது.

பயிற்சி

1. ஊடாடும் கலையின் அடிப்படைச் செயல்கள் யாவை?
2. குழுவினர் தம் வடிவமைப்பை அனைவருக்கும் திறந்து வைத்தது ஏன்?
3. ஒலியை உணர்ந்து அசையும் பொம்மை ஒன்றை நீங்கள் செய்வதாயின், அதற்கு என்ன கட்டளை எழுதுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.