இரவில் படகை எங்கே விடுவது?

சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போய், இருட்டினால் கூடாரம் அடித்துத் தங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலம். அந்தக் கரையை ஒட்டி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. பல தீவுகள் வெறும் கருங்கல் பாறை, அதன்மேல் கொஞ்சம் மண், அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள், அவ்வளவுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பல இடங்களில் ஓரிரு மைல் தூரம்தான். வெளிக்கடல் அலையைத் தீவுகளே தடுத்துவிடுவதால் சின்னப் படகுக்கு ஏற்ற கடல். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், விஷயம் கொஞ்சம் நீளம்.

படகு கிடைப்பது பெரிய பாடில்லை. ஓட்டுநரோடு எடுக்கலாம். காசுக்கு ஆளேற்றுகிறவரிடம் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் உரிமம் இருக்க வேண்டும். அதில் சிறிய உரிமம் ஆறு பயணிகள் வரை அனுமதிக்கிறது. இல்லையென்றால் படகை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டலாம். அப்போது படகுக்காரர் உங்கள் அனுபவத்தைத் துருவிக் கேட்பார்: எந்தக் கடலில் ஓட்டியிருக்கிறீர்கள், எவ்வளவு பெரிய படகு, நங்கூரம் போட்டு இரவு தங்கியதுண்டா? பிறகு உங்களோடு ஏறி ஒரு சுற்று வந்து பார்ப்பார். அதைப் பரீட்சையாக நினைத்து விறைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடலை அறிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்; பாறை எங்கே, நீரோட்டம் எங்கே என்று கேட்டுக்கொள்ள அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

முகாம் போடப் போகிறவர்களுக்கு 16 முதல் 22 அடி வரையிலான திறந்த படகு போதும். அடியில் ஏற்றி இறக்கும் நடுப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கினால் படகு காற்றில் பக்கவாட்டில் நழுவாது; தூக்கிவிட்டால் ஒரு முழத் தண்ணீரிலேயே கரை தொடும். பெரிய படகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும்போது, சின்னப் படகு உங்களைக் கூடாரத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். ஆனால் இறக்கிவிட்ட பிறகுதான் கேள்வி வருகிறது. நீங்கள் தூங்கப் போகிறீர்கள். படகு எங்கே இருக்கும்?

இதற்குக் கடல் ஏறி வற்றுவதைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஏறத்தாழ ஒரு மீட்டர். மேய்னின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் அது சராசரியாக 2.8 மீட்டர். கிழக்கே போகப் போகக் கூடி, கனடா எல்லையிலுள்ள ஈஸ்ட்போர்ட்டில் ஐந்தரை மீட்டரை எட்டுகிறது. மேய்ன் வளைகுடாவும் அதன் தலைப்பில் இருக்கும் ஃபண்டி விரிகுடாவும் சேர்ந்த அந்தக் கடல் தொட்டியில் தண்ணீர் ஒருமுறை முன்னும் பின்னும் ததும்ப ஏறக்குறைய 13 மணி நேரம் எடுக்கிறது. நிலவின் இழுப்பு வருவதோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி உயருமோ அப்படி உயர்கிறது தண்ணீர்.

அது ஒரே வேகத்தில் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை. படகோட்டிகள் பன்னிரண்டில் பங்கு பிரித்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வற்றும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மூன்று மீட்டர் வற்றம் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர்தான் இறங்கும். பரவாயில்லை என்று அடுப்பு மூட்டி, சோறு வடித்துச் சாப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒன்றரை மீட்டர் போயிருக்கும். படகு பாறைமேல் சாய்ந்து கிடக்கும்.

மாலை 5 மணி ஏற்றத்தில் படகைக் கரையிலேயே உட்கார விட்டீர்கள் என்றால் மறுபடி அது மிதப்பது காலை ஐந்தரைக்குத்தான். அதற்கு ஒத்துக்கொண்டால் மணல் கரையில் அப்படியே விடலாம். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் உச்சத்தில் இருக்கும், பிறகு நாளுக்கு நாள் குறையும். உச்ச நாளில் மேட்டில் ஏறிய படகை மறுநாள் தண்ணீர் எட்டாமலே போகக்கூடும்.

எனக்குப் பிடித்த முறை கப்பிக் கயிறு. வற்றத்திலும் போதிய தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்த்து முதலில் நங்கூரத்தைப் போட்டு, அதன்மேல் ஒரு மிதவையையும் மிதவையில் ஒரு கப்பியையும் கட்டுவார்கள். கரையிலிருந்து போகும் கயிறு கப்பிக்குள் நுழைந்து திரும்பக் கரைக்கே வந்து ஒரு வளையமாகிறது. படகின் மூக்கை அந்த வளையத்தில் ஓரிடத்தில் முடிந்துவிட வேண்டும். சாமான்களை இறக்கியதும் ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் படகு ஆளில்லாமல் ஆழத்துக்குப் போய் நிற்கும். காலையில் மறுபக்கத்தை இழுத்தால் உங்களிடம் வரும். கயிறு தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். கரை சரிவாக நீண்டு கிடந்தால் வற்றத்தில் தண்ணீர் நூறு மீட்டர்கூடப் பின்வாங்கும், எந்தக் கயிறும் பற்றாது. ஆகவே தீவைத் தேர்ந்தெடுக்கும்போது கூடாரத்துக்கு நல்ல இடம் இருக்கிறதா என்பதற்கு முன்னால் கரை செங்குத்தாக இறங்குகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். படகை வாடகைக்கு எடுக்கும்போதே நீளக் கயிறும் கப்பியும் உபரி நங்கூரமும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு பெரிய விஷயம், அந்த ஏற்ற வற்றத்துக்கு நடுவிலுள்ள நிலம் யாருடையது என்பது. மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. அங்கே 1640-களில் போட்ட குடியேற்றக் காலச் சட்டம் கரையோர நிலக்காரரின் உரிமையை வற்றக் கோடு வரை நீட்டித்தது. பொதுமக்களுக்கு மிஞ்சியது மீன் பிடிக்கவும், பறவை வேட்டையாடவும், படகு செலுத்தவும் உள்ள உரிமை. ஓய்வுக்காகக் கரையில் உட்கார்வது இதில் சேராது என்று 1989-இல் மேய்ன் மாநில உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. அதாவது ஈர மணலில்கூட உரிமையாளர் சம்மதமில்லாமல் பாய் விரிக்க முடியாது.

இப்படிப்பட்ட ஊரில்தான் 1988-இல் மேய்ன் தீவுப் பாதை என்ற கடல்வழி தொடங்கியது. அரசிடமிருந்த ஆளில்லாத் தீவுகளில் ஆரம்பித்து, இன்று நியூ ஹாம்ப்ஷயர் எல்லையிலிருந்து கனடா வரை 375 மைல் நீளத்தில் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களைக் கோத்திருக்கிறது. அவற்றில் பல தனியார் தீவுகள். அவற்றின் உரிமையாளர்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சு நம்பிக்கையில்தான் திறந்துவைத்திருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் மூடலாம். இது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய ஏற்பாடாகத் தெரிகிறது. அதனால்தான் அங்கே குப்பையை மட்டுமல்ல, மலத்தையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வருகிறார்கள். பாறைமேல் மண் அவ்வளவு மெல்லிசு, புதைத்தாலும் மக்காது. நெருப்பு மூட்ட அனுமதி வாங்க வேண்டும்; மூட்டினாலும் ஏற்றக் கோட்டுக்குக் கீழேதான். சாம்பலைக் கடல் கழுவிக்கொள்ளும், மரவேரில் தீ பிடிக்காது. கையடுப்பு கொண்டுபோனால் இந்தக் கவலையே இல்லை. குடிதண்ணீர் தீவில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நம் மன்னார் வளைகுடாத் தீவுகளில் இப்படித் தங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. அந்த 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப் பாறைகளுக்கும் கடற்புல்லுக்கும் அந்தக் காவல் தேவை.

மேய்னிலும் எல்லாத் தீவிலும் இறங்க முடியாது. கடற்பறவைகள் கூடு கட்டும் தீவுகள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடியும்வரை மூடியிருக்கும். ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில் வேட்டையால் அழிந்துபோன பஃபின் பறவைகளை மீண்டும் குடியேற்ற, ஸ்டீபன் கிரெஸ் என்ற ஆய்வாளர் 1973 முதல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார். 1981-இல்தான் அவை அங்கே கூடு கட்டின. இத்தகைய தீவுகளைப் படகிலிருந்தபடியே சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

கோடையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கு. காலையில் அடங்கியிருந்து மதியத்துக்கு மேல் வலுக்கும். அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கடல்மேல் வரும்போது மூடுபனி இறங்கும், எதிரே இருக்கும் தீவு மறைந்துவிடும். திசைகாட்டியைப் பார்த்து ஓட்டப் பழகாதவர்கள் அன்றைக்குக் கிளம்பாமல் இருப்பதே சரி. தண்ணீர் ஜூலையிலும் பல இடங்களில் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். விழுந்தால் சில நிமிடங்களில் கை மரத்துவிடும். ஆகவே உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. வழியெல்லாம் லாப்ஸ்டர் கூண்டுகளின் வண்ண மிதவைகள் மிதக்கும். ஒவ்வொரு வண்ணமும் ஒரு மீனவரின் அடையாளம். கயிறு சிக்கினால் நடுப்பலகையைத் தூக்கி நழுவவிடுங்கள், அறுக்காதீர்கள். அது ஒருவரின் பிழைப்பு, சட்டப்படியும் குற்றம்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். மூடுபனி குறைந்திருக்கும், கொசுவும் குறைவு, பறவைத் தீவுகளின் தடையும் முடியும். தொலைவில் புயல் ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று வானிலை அறிக்கையை மட்டும் தினமும் கேளுங்கள். முதல் முறை என்றால் போர்ட்லண்டுக்கு எதிரே கேஸ்கோ விரிகுடாவிலுள்ள ஜூவெல் தீவு மாதிரி அருகிலிருக்கும் ஒன்றில் ஓர் இரவு தங்கிப் பார்த்து, கயிறும் கப்பியும் கைக்கு வந்தபின் ஸ்டோனிங்டன் பக்கத்துக் கருங்கல் தீவுகளுக்குப் போகலாம்.