பாட்டு நின்றது, அடைப்பு நிற்கவில்லை

போன மாதம் ஓஎம்ஆரில் பஸ்ஸிலிருந்து இறங்கி சர்வீஸ் ரோட்டைக் கடந்தேன். வலது பக்கம் பார்த்தாயிற்று, வண்டி இல்லை. இடது பக்கமிருந்து ராங் சைடில் வந்த பைக் முழங்கையை உரசிக்கொண்டு போனது. "ஹாரன் அடிச்சேனே, காது கேக்கலையா சார்?" என்று திட்டினார். ராங் சைடில் வந்தது அவர்தான். ஆனால் ஹாரன் எனக்குக் கேட்கவில்லை என்பதும் உண்மை. இத்தனைக்கும் பாட்டை பஸ்ஸிலேயே நிறுத்தியிருந்தேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்ததில் புரிந்தது இது.

முதலில், இந்த இயர்போன் ஏன் நல்லது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 86 என்றால் 10 மணி நேரம், 92 என்றால் இரண்டரைதான். ஜன்னல் திறந்த பஸ்ஸுக்குள் 80 டெசிபெல் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இயர்போனில் பேச்சு தெளிவாகக் கேட்க 90 வரை ஏற்றுவோம். தினம் இரண்டு மணி நேரப் பயணம் என்றால் இரண்டே நாளில் வாரக் கணக்கு தீர்ந்துவிடும். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் 20 டெசிபெல் தடுத்தால், 70-லேயே வேலை முடிந்துவிடும். உள்காதின் மயிர்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அதனால் இது சின்ன லாபம் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். 'நாய்ஸ் கேன்சலிங்' என்பது எஞ்சின் உறுமல் மாதிரி தாழ்ந்த சத்தத்தைத்தான் எதிர் அலை போட்டுக் குறைக்கிறது. ஹாரன், பிரேக் கிறீச்சிடுவது போன்ற கூர்மையான சத்தங்களைப் பெரும்பாலும் தடுப்பது காதை அடைக்கும் அந்த ரப்பர் முனை. அதற்கு ஸ்விட்ச் கிடையாது. பாட்டை நிறுத்தினாலும், சார்ஜ் தீர்ந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது உறைக்க ஒரு பைக் தேவைப்பட்டது!

சரி, ஒரு காதில் மட்டும் மாட்டினால்? நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சத்தம் எந்தத் திசை என்பதை, இரண்டு காதுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை கணிக்கிறது. நேர வித்தியாசம் மில்லிவினாடிக்கும் குறைவு. ஒரு காதை அடைத்தால் அந்தக் கணக்கே குழம்பும்: ஹாரன் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. திறந்திருக்கும் காதில் புகும் இரைச்சலை மீறிக் கேட்க ஒலியையும் கூட்டிவிடுவோம்.

இப்போது என் பழக்கம் இதுதான்:

- பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்த பிறகுதான் மாட்டுவேன்.
- ஒலியளவை வீட்டில் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்வேன்; வெளியே ஏற்ற மாட்டேன். ஏற்றத் தோன்றினால் முனை சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.
- இறங்கும் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன். 'டிரான்ஸ்பரன்சி மோட்' இருந்தாலும் சரி. மைக்கில் காற்றடித்தால் அதில் இரைச்சல்தான் கேட்கும்.
- கழற்றிய பிறகும் காதில் 'ஙொய்ங்' என்று சத்தம் தொடர்ந்தால் ஈஎன்டி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரோட்டில் நடக்கும் பத்து நிமிடம் இரைச்சலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அந்த இரைச்சலுக்குள்தான் எனக்கான ஹாரனும் இருக்கிறது.