கறவை மாட்டின் மூத்திரம் ஏன் சிவக்கிறது?

செஞ்சிப் பக்கத்து அவலூர்பேட்டையில் வாரச் சந்தை கூடும் நாளில் போய்ப் பாருங்கள். கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் பல்லைப் பார்ப்பார். ஒருவர் மடியைத் தடவுவார். இன்னொருவர் சுழி பார்ப்பார். மூன்றாம் ஈத்து, பத்து லிட்டர் பால் என்றால் விலையும் அதற்குத் தக்கபடிதான். "இது இதுவரை என்ன தின்றது?" என்று மட்டும் கேட்பவர் குறைவு. அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

காரணம் இதுதான். நன்றாகக் கறக்கும் மாடு, ஈன்று இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள், திடீரென்று சிவப்பாக மூத்திரம் பெய்கிறது. மறுநாள் அது காப்பி டிகாஷன் போலக் கறுக்கிறது. பால் வற்றுகிறது, கண்ணின் உள்இமை வெளுக்கிறது, மாடு மூச்சு வாங்குகிறது. சூடு என்பார்கள், திருஷ்டி என்பார்கள். இப்படி நாலைந்து நாளை வீணாக்கினால் மாட்டையே இழக்க நேரும். எருமைக்கும் இந்த வியாதி உண்டு.

ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு குறைந்துபோனதன் விளைவு இது. சிவப்பணுக்கள் கட்டுக்குலையாமல் இருக்க ஓயாமல் சக்தி வேண்டும். அந்தச் சக்தியை உண்டாக்க பாஸ்பேட் வேண்டும். அது இல்லாவிட்டால் அணுக்கள் உடைந்து, அவற்றின் சிவப்புச் சாயம் மூத்திரத்தில் இறங்குகிறது. நல்ல பசுவின் 100 மில்லி ரத்தத்தில் பாஸ்பரஸ் 4 முதல் 6 மில்லிகிராம் இருக்கும்; இந்த நோயில் 2-க்கும் கீழே போய்விடும்.

ஏன் குறைகிறது? கணக்குப் போட்டால் விளங்கும். பத்து லிட்டர் பாலோடு ஏறத்தாழ 9 கிராம் பாஸ்பரஸ் வெளியே போகிறது. ஆறு கிலோ வைக்கோலில் இருப்பதோ சுமார் 6 கிராம். அதிலும் முழுவதும் உடம்பில் சேராது. வரவைவிடச் செலவு அதிகம்! மழை பொய்த்த வருஷத்தில் காய்ந்த புல்லிலும் இந்தச் சத்து குறைவு. ஆனால் ஒரு கிலோ அரிசித் தவிட்டில் சுமார் 15 கிராம் இருக்கிறது. தவிட்டை விற்றுவிட்டு வைக்கோலை மட்டும் போடுவது என்ன சிக்கனமோ, தெரியவில்லை.

குறை முற்றுமுன் மாடு ஜாடை காட்டும். எலும்பு, கந்தல், கயிறு என்று கண்டதைக் கடிக்கும். தென்னாப்பிரிக்காவில் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்து, அதிலிருந்த விஷத்தால் மடிந்துகொண்டிருந்தன. 1920-ஆம் ஆண்டையொட்டி அதை ஆராய்ந்த ஆர்னால்டு தைலர் என்ற மிருக வைத்திய நிபுணர், மேய்ச்சல் நிலத்தில் பாஸ்பரஸ் இல்லாததால்தான் அவை எலும்பைத் தேடுகின்றன என்று கண்டார். எலும்புத் தூள் கொடுத்ததும் அந்தப் பழக்கம் நின்றது. இன்று எலும்புத் தூளுக்குப் பதில் டை கால்சியம் பாஸ்பேட் சேர்ந்த தாது உப்புக் கலவை கிடைக்கிறது. நமது கால்நடைப் பல்கலைக்கழகமே தயாரித்து விற்கிறது.

மனிதருக்கும் இந்தக் குறை வருவதுண்டு. ஆனால் வழி வேறு. நம் சாப்பாட்டில் பாஸ்பரஸுக்குப் பஞ்சமில்லை. ஓயாத குடி, வைட்டமின் டி குறைவு, அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை நெடுநாள் சாப்பிடுவது, முற்றிய நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றும் சமயம் ஆகியவை டாக்டர்கள் அடிக்கடி காணும் காரணங்கள். எல்லாவற்றிலும் விசித்திரமானது பட்டினிக்குப் பின் வரும் விருந்து. பல நாள் பட்டினி கிடந்தவர் ஒரேயடியாக வயிறாரச் சாப்பிட்டால், சுரக்கும் இன்சுலின் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை உயிரணுக்களுக்குள் இழுத்துவிடுகிறது, இருதயமே தடுமாறும். இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சாப்பிட்ட பிறகே இறந்தார்கள்.

மாட்டு விஷயத்துக்கு வருவோம். சிவந்த மூத்திரமெல்லாம் இந்த நோயல்ல. உண்ணியால் பரவும் காய்ச்சலிலும் அப்படி வரும். அதற்கு மருந்து வேறு. அதனால்தான் கால்நடை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார். பாஸ்பேட் குறைவு என்று தெரிந்தால் சோடியம் ஆசிட் பாஸ்பேட் 60 கிராமை 300 மில்லி சுத்த நீரில் கரைத்து ரத்தக் குழாயில் ஏற்றுவது வழக்கம். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் வேறு மாட்டின் ரத்தமும் செலுத்துவார்கள். பிழைத்த மாட்டுக்கு மூத்திரம் சில நாளில் தெளிந்துவிடும். வெளுத்த கண் சிவக்கவும், வற்றிய பால் மறுபடி ஏறவும் வாரக்கணக்கில் ஆகும்.