முன்னால் போனது எங்கே?

போர்ட் கிள்ளானில் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கும். பைலட் ஏறித்தான் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவருவார். விமான ஓடுபாதையிலும் வழக்கம் அதுதான்: முன்னால் இறங்கியது விலகிய பிறகே அடுத்தது. சாகசக் காட்சிகளில் மட்டும் நான்கைந்து சிறு விமானங்கள் சேர்ந்தே வந்து, சில விநாடி இடைவெளியில் ஒரே ஓடுபாதையைத் தொடும்.

அணியாக வருபவற்றைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒரே விமானமாகத்தான் கணக்கில் வைக்கும். வானொலியில் பேசுபவர் அணித்தலைவர். அணிக்குள் யார் யாரை விட்டு எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பது விமானிகள் பாடு. அதற்காகவே ஓடுபாதையை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள்: முதலாமவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம், மூன்றாமவர் மறுபடி இடம். ஒருவருக்குப் பிரேக் பிடிக்காவிட்டாலும் பக்கத்தில் ஓடிக் கடக்க இடம் இருக்கும்.

ஏட்டில் இது சரி. விமானி இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். பழைய மஸ்டாங் போர் விமானத்துக்கு வாலில் சிறு சக்கரம். வால் தரையைத் தொட்டதும் நீண்ட மூக்கு நிமிர்ந்து முன்பக்கத்தை முழுசாக மறைத்துவிடும். தெரிவது ஓடுபாதையின் இரண்டு ஓரம் மட்டும். மெதுவாக உருளும்போது பாம்பு மாதிரி வளைந்து வளைந்து எட்டிப் பார்ப்பார்கள். இறங்கும் வேகத்தில் அது நடக்காது. 2007 ஜூலையில் அமெரிக்காவின் ஆஷ்கோஷ் விமானக் கண்காட்சியில், பின்னால் இறங்கிய மஸ்டாங் முன்னதில் மோதிக் கவிழ்ந்தது. அதன் விமானி இறந்தார்.

இறக்கை செய்யும் வேலை இன்னொன்று. செஸ்னா 172-க்கு இறக்கை தலைக்கு மேலே, பைப்பர் செரோக்கிக்குக் காலடியில். கீழே செஸ்னா, மேலே பைப்பர் என்று ஒரே புள்ளியை நோக்கி இறங்கினால் இருவருக்கும் மற்றவர் தெரியமாட்டார்.

அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில், 2023 செப்டம்பர் 17 அன்று, போட்டி முடிந்து இறங்க வந்த இரண்டு பழைய டி-6 பயிற்சி விமானங்கள் மோதின. இரு விமானிகளும் இறந்தார்கள். மோதியது பந்தய வேகத்தில் அல்ல, திரும்பி வரும்போது.

நம் நாட்டில் நடந்த இரண்டு அணி மோதல்கள் ஆகாயத்தில் நிகழ்ந்தவை. லூமுட்டில் 2024 ஏப்ரல் 23 அன்று கடற்படை ஒத்திகையில் இரு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் மாண்டார்கள். லங்காவியில் 2015 மார்ச்சில், லீமா விமானக் கண்காட்சிக்குச் சற்று முன்பு, இந்தோனேசிய ஜூப்பிட்டர் சாகச அணியின் இரு விமானங்கள் உரசின. ஒன்று வீட்டின்மேல் விழுந்தது. நான்கு விமானிகளும் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுப் பாராசூட்டில் தப்பினார்கள்.

முன்னால் போனவர் கண்ணிலிருந்து மறைந்தால் இறங்காதே, விலகி மேலே ஏறு என்பது அணிக்காரர்களின் விதி. மீறினால் தப்பிக்க, மஸ்டாங்கிலும் டி-6-லும் லங்காவி விமானங்களுக்கு இருந்த அந்த இருக்கை கிடையாது.