உள்ளங்கையில் பிறந்த சொல்

சிம் ஸ்வாப் மோசடி, பேட்டரி ஸ்வாப் நிலையம் என்று செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது ‘ஸ்வாப்’. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது என்பது அதன் பொருள். ஆனால் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது அடியைக் குறித்த சொல். நாம் ‘பளார்’, ‘சடார்’ என்கிறோமே, அப்படி அடி விழும் ஓசையிலிருந்தே அது பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள் அகராதி ஆசிரியர்கள்.

அடிக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் என்ன உறவு? சந்தைதான். விலை படிந்ததும் விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் ஓங்கித் தட்டுவார்கள். பத்திரமும் கையெழுத்தும் இல்லாத பேரத்துக்கு அந்த ஓசைதான் முத்திரை; அதைக் கேட்டவர்களே சாட்சி. தட்டலின் பெயர் முதலில் பேரத்துக்கு ஆனது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பண்டம் மாற்றிக்கொள்வதற்கும் ஆகிவிட்டது.

இந்தச் சொல்லின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ‘சர் கவைனும் பச்சை வீரனும்’ என்ற கதைப்பாட்டு. அதை எழுதியவர் யாரென்று தெரியாது. கோட்டைத் தலைவன் ஒருவன் விருந்தாளி கவைனிடம் சொல்கிறான்: காட்டில் நான் வேட்டையாடுவதெல்லாம் உனக்கு, இங்கே நீ பெறுவதெல்லாம் எனக்கு. அந்த ஒப்பந்தத்துக்கு அவன் வாயில் வரும் வினைச்சொல் ஸ்வாப். கவைன் முதல் இரண்டு நாளும் வாக்குத் தவறவில்லை. மூன்றாம் நாள், உயிர் காக்கும் என்று தலைவனின் மனைவி கொடுத்த பச்சை இடைக்கச்சையை மட்டும் ஒளித்துவிடுகிறான். அந்தக் குறைக்காக அவன் கழுத்தில் கோடாரியின் சிறு கீறல் விழுகிறது. மாற்றும் அடியும் ஒரே கதைக்குள் இப்படிச் சந்திப்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

பின்னாளில் சொல் வெகுதூரம் போய்விட்டது. 1864-இல் ஆபிரகாம் லிங்கன், ஆற்றைக் கடக்கும்போது குதிரையை ஸ்வாப் செய்யக்கூடாது என்ற பொருளில் பேசினார். 1981-இல் உலக வங்கியும் ஐபிஎம் நிறுவனமும் வெவ்வேறு நாணயங்களில் இருந்த தங்கள் கடன் பொறுப்புகளை மாற்றிக்கொண்டன. அதற்கும் ஸ்வாப் என்றே பெயர்.

சொல்லைப் பெற்றெடுத்த பழக்கமும் ஓய்ந்துவிடவில்லை. அயர்லாந்தின் பாலினஸ்லோவில் அக்டோபரில் கூடும் குதிரைச் சந்தையில் இன்றும் உள்ளங்கையில் அடித்தே விலையை முடிக்கிறார்கள்.