தேயிலைக்கு நடுவே தப்பிய சோலைகள்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வால்பாறைக்குப் போகிறவர்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரியும் பச்சையைக் கண்டு சொக்கிப்போகிறார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி தேயிலை. மலைக்கு மலை, இடுப்புக்கு மேல் வளரவிடாமல் கவாத்து செய்த ஒரே செடி.

1890-களுக்கு முன் இந்த ஆனைமலைப் பீடபூமியில் நின்றது மழைக்காடு. காடர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் நடந்த தடங்களைத் தவிர வெளிச்சம் தரையைத் தொட்ட இடம் குறைவு. பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் வந்தார்கள். காப்பி போட்டார்கள், தேயிலை போட்டார்கள். சமவெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் கிடந்து மரங்களைச் சாய்த்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த அந்த வேலைக்குப் பிறகு, சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் 40-க்கும் மேற்பட்ட துண்டுச் சோலைகள் மிஞ்சின. புதுத்தோட்டம் சோலை அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. அதற்குள்ளேயே தார்ச்சாலை ஓடுகிறது. ஒரு தெருவின் நீளம்கூட இல்லாத சோலைகளும் உண்டு.

பறவைகளுக்கு என்ன நடந்தது? எல்லாப் பறவைக்கும் ஒன்றே நடக்கவில்லை. தேயிலைக்குள் இன்று செம்மீசைச் சின்னானும் புள்ளிப்புறாவும் தாராளமாகத் திரிகின்றன. வெட்டவெளி அவற்றுக்குப் பழக்கம். தீக்காக்கை அப்படியல்ல. அடர்நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்து பூச்சி பிடிக்கும் அந்தச் செவ்வயிற்றுப் பறவைக்கு, அன்று காடு எங்கும் தொடர்ந்திருந்தது. இன்று சோலையின் ஓரம்தான் அதன் உலகத்தின் ஓரம்.

இருவாச்சியின் கதை வேறு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சோலைகளின் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது. கோடை நெருங்குகையில் பெட்டை ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், பெட்டைக்கும் பிறகு குஞ்சுக்கும் ஆண் பறவைதான் இரை கொண்டுவர வேண்டும். வந்து அமர்ந்ததும் தொண்டையை அசைத்து ஓர் அத்திப்பழத்தை மேலே வரவழைக்கும், அலகு நுனியில் பிடித்துக் கீற்றுக்குள் நீட்டும், பிறகு அடுத்த பழம். இத்தனை பழம் ஒரே சோலையில் கிடைக்காது. ஆகவே தேயிலையைக் கடந்து சோலைக்குச் சோலை பறக்கிறது. பறவை கண்ணில் படுவதற்கு முன்பே சிறகோசை காதில் விழும். போகிற வழியெல்லாம் விதை விழுகிறது. அன்று அந்த விதை காட்டு மண்ணில் விழுந்து மரமானது. இன்று தேயிலைக்குள் விழுந்து முளைத்தால் அது களை.

ஆகவே, சோலை எவ்வளவு பெரியது என்பதோடு, சோலைக்கும் சோலைக்கும் நடுவே என்ன நிற்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். சூழலியலாளர் சங்கர் ராமன் இங்கே ஆண்டுக்கணக்காகப் பறவைகளை ஆராய்ந்திருக்கிறார். அவரது ஆய்வுகளின்படி, நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டங்களில் மழைக்காட்டுப் பறவைகள் கணிசமாக வாழ்கின்றன. இருவாச்சிகூட அத்தகைய தோட்டங்களின் பெருமரங்களில் கூடு வைக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அயல் மரமான சில்வர் ஓக் மட்டும் நிற்கும் தேயிலையில் அந்தப் பறவைகள் மிகக் குறைவு.

2000-களின் தொடக்கத்திலிருந்து இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், சூழலியலாளர் திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் முன்னின்று, தோட்ட நிறுவனங்களின் இசைவோடு சிதைந்த சோலைகளைச் சீர்செய்து வருகிறார்கள். சாலையோரம் விழுந்து வீணாகப்போகும் காட்டு விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். அயல் களையான உண்ணிச்செடியை அகற்றுகையில் அதனடியில் தானாக முளைத்திருக்கும் நாட்டுக் கன்றுகளை மிதிக்காமல் காக்கிறார்கள். மழை பிடித்ததும் நடுகிறார்கள். இப்படிச் சீர்செய்த சோலைகளையும் தாமாகத் தேறட்டும் என்று விட்டுவைத்த சோலைகளையும் ஒப்பிட்டபோது, சீர்செய்தவற்றில்தான் காட்டுப் பறவைகள் கூடுதலாகத் திரும்பியிருந்தன. ஆனாலும் அவை பழைய காட்டுக்கு இன்னும் ஈடாகவில்லை. கன்றுகள் வளர்ந்து கிளை கோத்தால் சின்னப் பறவைகள் வரும். இருவாச்சிக்குப் பொந்து வேண்டும். அத்தனை பருத்த மரம் ஒரு தலைமுறையில் வளராது.

தோட்டம் நடத்துகிறவர்களிடமும் சாலையை அகலப்படுத்துகிறவர்களிடமும் கேட்பது ஒன்றுதான். புதிதாக நடுங்கள்; அதற்கு முன், இன்று நிற்கிற பழைய நாட்டு மரங்களில் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள்.