கடல்நாய் கடித்தாலும் ஊசி போட வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குப் போகிறவர்கள் கடல்நாயைப் பார்க்காமல் திரும்புவது அரிது. சீல் என்று நாம் சொல்லும் இந்தப் பாலூட்டி, துறைமுகப் படிகளில் ஆளைச் சட்டை செய்யாமல் படுத்துக் கிடக்கும். 2024 ஜூனில் அவற்றில் சிலவற்றுக்கு ரேபிஸ் இருப்பது உறுதியானது. அதற்கு முன் கடற்பாலூட்டி ஒன்றில் இந்நோய் பதிவானது 1980இல், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், ஒரே ஒரு விலங்கிடம். கேப்டவுனிலோ அது கடல்நாய்களுக்குள்ளேயே பரவியிருந்தது. வைரஸின் மரபணு, அந்நாட்டு நரிகளிடம் காணப்படும் வகையை ஒத்திருந்தது.

கடித்துவிட்டால்

நாய்க்கடிக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்ய வேண்டும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கடலில் நனைந்த காயம்தானே, உப்புநீர் போதும் என்று விடக்கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அறிகுறி தோன்றிய பிறகு ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் மிக அபூர்வம்.

வீங்கும் விரல்

ரேபிஸ் புதிய கவலை. வடகடல் வேட்டைக்காரர்களுக்குப் பழக்கமான தொல்லை வேறொன்று, ‘சீல் விரல்’. கடித்த இடத்திலோ, கடல்நாயைத் தொட்ட கையில் இருந்த கீறலிலோ மைக்கோபிளாஸ்மா கிருமி நுழைந்துவிடும். சில நாட்களில் விரல் வீங்கி, தாங்க முடியாத வலி கிளம்பும். பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல் சுவரைத் தாக்குபவை. இந்தக் கிருமிக்கோ அந்தச் சுவரே கிடையாது. டெட்ராசைக்ளின் வகைதான் கேட்கும். மருத்துவருக்கு இது சட்டென்று தோன்றாது. “கடல்நாயைத் தொட்டேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் இதனால் விரலையே வெட்ட வேண்டி வந்தவர்கள் உண்டு.

படுத்திருப்பதெல்லாம் நோயல்ல

ஓய்வெடுக்கவும், குட்டி போடவும், பழைய ரோமம் உதிர்க்கவும் கடல்நாய்க்குக் கரை வேண்டும். யானைக் கடல்நாய் ரோமம் உதிர்க்கும்போது ஏறக்குறைய ஒரு மாதம் பட்டினியாகவே கிடக்கும். இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், கடலுக்குள் தள்ளிவிடுவதும் அதற்குத் துன்பம்தான். ஹவாயில் 50 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். குட்டியோடு இருந்தால் 150 அடி. எங்கும் பின்பற்றத் தகுந்த கணக்கு இது. காயமோ, கழுத்தில் மீன்வலையோ கண்ணில் பட்டால், உள்ளூர் வனவிலங்கு மீட்புக் குழுவை அழையுங்கள். வலையை நீங்களே அறுக்கப் போக வேண்டாம்.

கேப்டவுனின் ஹவுட் பே துறைமுகத்தில், வாயில் மீனைக் கவ்விக் கடல்நாய்க்கு ஊட்டிக் காட்டிக் காசு வாங்குபவர்களைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்திருப்பார்கள். ரசிக்கத் தகுந்த வித்தை என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதரை மீனோடு சேர்த்துப் பார்த்துப் பழகிய விலங்கு, அடுத்து வருபவரின் வெறுங்கையையும் கவ்வப் பார்க்கும்.

உங்கள் நாய்

கடற்கரையில் நாயைச் சங்கிலியில் பிடித்தே நடத்துங்கள். ஆபத்து இரு பக்கமும் உண்டு: 1987-88இல் ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் ஆயிரக்கணக்கான கடல்நாய்களைக் கொன்றது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். கடல்நாய் உங்கள் நாயைக் கடித்துவிட்டால், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.